'இன்சிக்னியா': சின்னமா, இலச்சினையா?

கல்லடிக்கரை:
வணக்கம். மட்டக்களப்பில் உள்ள ஒரு சாரணர் குழுவுக்காக, ஆங்கிலத்தில் கிடைத்த சீருடை விதிகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில், பதவியையும் தகுதியையும் காட்ட அணியும் அடையாளங்களைக் குறிக்கும் 'இன்சிக்னியா' (insignia) என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஓரிடத்தில் அதை ஒருமையாக்கி 'இஸ்' போட்டிருக்கிறார்கள். அடுத்த பந்தியிலேயே 'ஆர்' வருகிறது. கடைசிப் பக்கத்தில் 'இன்சிக்னியாஸ்' என்றும் இருக்கிறது. இவற்றில் எது சரி? முதல் வரைவில் எல்லா இடங்களிலும் 'இலச்சினை' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த என் அக்கா, "பிள்ளைகளின் தோளில் அரச இலச்சினையையா தைக்கச் சொல்கிறாய்?" என்று கேட்டுவிட்டார். அவர் சிரித்தது நியாயம்தான் என்று இப்போது தோன்றுகிறது. தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஆரையம்பதி ஆசிரியர்:
தம்பி, அந்த விதிகளை எழுதியவர் தடுமாறியதற்குக் காரணம் உண்டு. இது இலத்தீன் சொல். 'சிக்னம்' என்றால் குறி. அதன்வழி வந்த 'இன்சிக்னே' என்பது ஒருவரைப் பிறரிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் அடையாளம். அதன் பன்மையே 'இன்சிக்னியா'. ஆகவே பழைய இலக்கணப்படி 'ஆர்' என்பதே பொருந்தும். ஆனால் 'அஜெண்டா' என்ற இலத்தீன் பன்மை ஆங்கிலத்தில் முழு ஒருமையாகிவிட்டதையும், 'டேட்டா' இன்றும் இரண்டுக்கும் நடுவே நிற்பதையும் நினைத்துப் பாருங்கள். 'இன்சிக்னியா'வும் அந்த வழியில்தான் போகிறது. ஒருமை, பன்மை இரண்டையும் அகராதிகள் ஏற்கின்றன. 'இன்சிக்னியாஸ்' என்பதும் அகராதியில் இருக்கிறது, எனக்குத்தான் அது காதில் உறுத்துகிறது. 'இன்சிக்னே' என்று எழுதுபவரைக் காண்பது அரிது. பிழை என்று சொல்வதானால், ஒரே ஆவணத்தில் மூன்று வழக்குகளையும் கலந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

தமிழில் இந்தச் சிக்கல் பாதி தானாகவே தீர்ந்துவிடும். 'சின்னம்' பால்பகா அஃறிணைப் பெயராகவும் நிற்கக்கூடியது; 'சின்னம் தைக்கப்பட்டது', 'சின்னம் தைக்கப்பட்டன' என்று வினைமுற்றே எண்ணைக் காட்டிவிடும். ஆயினும் விதி என்பதால், ஐயம் எழாதபடி தேவையான இடங்களில் 'சின்னங்கள்' என்றே எழுதிவிடுங்கள்.

சம்மாந்துறை சீருடை:
அஸ்ஸலாமு அலைக்கும். நான் பொலிஸில் சார்ஜன்டாக இருந்து ஓய்வுபெற்றவன். சட்டைக் கையில் 'வி' வடிவப் பட்டிகள் மூன்றைச் சுமந்த காலத்தில் எங்களில் எவரும் 'இன்சிக்னியா' என்று சொன்னதில்லை. 'பட்ஜ்' என்போம், 'ஸ்டார்' என்போம். அந்தச் சொல் கடிதங்களிலும் கட்டளைகளிலும் மட்டுமே வரும். என் அனுபவத்தில், தனியாக ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினால் அது 'பட்ஜ்'. தோளிலும் கையிலும் தொப்பியிலும் இருந்துகொண்டு ஒருவரின் பதவியைச் சொல்வன எல்லாவற்றையும் சேர்த்துக் குறிப்பதே 'இன்சிக்னியா'.

உங்கள் அக்காவின் கேள்வியில் ஓர் உண்மையும் இருக்கிறது, தம்பி. இராணுவத்தில் கப்டனுக்குத் தோளில் மூன்று நட்சத்திரங்கள். அவருக்கு மேலேயுள்ள மேஜருக்கு நட்சத்திரத்துக்குப் பதிலாக அரச இலச்சினையே வருகிறது. 1972இல் நாடு குடியரசாகும் வரை அந்த இடத்தில் பிரித்தானிய முடி இருந்தது. ஆக, வாளேந்திய சிங்கமும் தாமரை இதழ்களும் கொண்ட அந்த உருவம் இலச்சினை. அதை உலோகத்தில் வார்த்துத் தோளில் குத்தும்போது அது பதவிநிலைச் சின்னம்.

வாவி மகள்:
மேலே சொன்ன வேறுபாடு மிகவும் பயனுள்ளது. சாரணருக்கும் அதையே பொருத்தலாம்: ஊதா நிறப் பின்னணியில் கயிறு சூழ்ந்த வெள்ளை மலர் வடிவம் உலகச் சாரணர் இலச்சினை, அதைத் துணியில் நெய்து சட்டையில் தைத்தால் சின்னம். நம் ஊர்ப் பாடசாலைகளும் மாணவத் தலைவர்களுக்குச் 'சின்னம் சூட்டும் விழா' என்றுதானே அழைப்பிதழ் அச்சிடுகின்றன. 'இலச்சினை சூட்டும் விழா' என்று எவரும் அச்சிட்டு நான் கண்டதில்லை.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 'இன்சிக்னியா' உடையில் அணிவதோடு நிற்பதில்லை. மாநகர முதல்வரின் கழுத்துச் சங்கிலியும் நாடாளுமன்றத்தில் படைக்கலச் சேவிதர் ஏந்திவரும் செங்கோலும் அதற்குள் அடங்கும். நம் செங்கோல் 1949இல் பிரித்தானிய மக்கள் சபை அன்பளித்தது. தொல்காப்பிய மரபியல் கொடி, குடை, முரசு, தார், முடி என்று அரசர்க்கு உரியனவற்றை அடுக்குவதும் இதே கருத்தைத்தான். இதற்கு நம்மிடம் 'விருது' என்ற அழகான சொல் இருந்தது; பழந்தமிழில் அது கொடியையும் வெற்றிச் சின்னத்தையும் குறித்தது. இன்று அது பரிசளிப்பு மேடைக்குப் போய்விட்டதால், சீருடை விதியில் அதை எழுதினால் பிள்ளைகள் பரிசு எங்கே என்று கேட்பார்கள்.

கல்லடிக்கரை:
மூவருக்கும் மிக்க நன்றி. பதவியைக் காட்டும் இடங்களில் 'பதவிநிலைச் சின்னங்கள்' என்றும், சமையல், முதலுதவி போன்றவற்றில் தேறியோர் அணிவனவும் சேர்ந்துவரும் இடங்களில் வெறுமனே 'சின்னங்கள்' என்றும் மாற்றிவிட்டேன். 'இலச்சினை' ஒரே ஓரிடத்தில், உலகச் சாரணர் உருவத்தின் நிறத்தையும் அளவையும் விவரிக்கும் பந்தியில் மட்டும் நிற்கிறது. திருத்திய வரைவை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன், இதுவரை சிரிக்கவில்லை.