கொடியின் ஓரம் நைந்துவிட்டது, என்ன செய்வது?

எல்லோருக்கும் வணக்கம். சுதந்திர தினத்துக்கு மொட்டை மாடியில் பழைய ஆன்டெனா குழாயில் பாலியஸ்டர் தேசியக் கொடி ஏற்றினோம். 2022 ஜூலையில் விதி மாறியதிலிருந்து வீடுகளில் இரவிலும் பறக்கலாம் என்பதால் இறக்கவில்லை. சோம்பேறித்தனமும்தான்! நேற்று துணி காயப்போடப் போனபோது பார்த்தால், காற்றில் படபடத்து ஓரம் இரண்டு விரல் அகலத்துக்கு நூல் நூலாகப் பிரிந்திருக்கிறது. பச்சைப் பட்டை கிழியவே தொடங்கிவிட்டது. உடனே இறக்கிவிட்டேன், கிழிந்த கொடி பறக்கக் கூடாதே.

ஓரத்தை வெட்டி மடித்துத் தைக்கலாம் என்கிறார் மாமியார். வெட்டினால் 3:2 அளவு கெட்டுவிடாதா? கொடி விதிகளோ, சேதமான கொடியை முழுதாக, தனிமையில், எரித்தோ மரியாதையான வேறு வழியிலோ அகற்றச் சொல்கின்றன. பாலியஸ்டரை எரித்தால் உருகிச் சொட்டும், புகை வேறு. புதைக்கலாமா? நீங்கள் யாராவது அப்படிச் செய்திருக்கிறீர்களா?

அப்புறம் இன்னொன்று. அடுத்த முறை கதர்க் கொடி வாங்கி பால்கனியில் செங்குத்தாகத் தொங்கவிட ஆசை. பார்ப்பவருக்குக் காவி இடப்பக்கம் வர வேண்டும், சரி. தெருவில் நிற்பவருக்கா, வீட்டுக்குள் இருக்கும் எங்களுக்கா? தெருவுக்குத்தான் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.