துபாய் பக்கத்துல இருந்து டல்லாஸ் போறோம், இந்தியால இருக்கிற மியூச்சுவல் ஃபண்டை என்ன பண்றது?

ஷார்ஜாவாசி:
வணக்கம் எல்லாருக்கும். பல வருஷமா ஷார்ஜால இருக்கோம், வீட்டுக்காரரை இப்போ கம்பெனியில எல்1 விசால டல்லாஸ் ஆபீசுக்கு மாத்துறாங்க, அடுத்த வருஷம் நடுவுல கிளம்புற மாதிரி இருக்கும். சேமிப்பு மொத்தமும் ஊர்லதான் இருக்கு, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடற என்ஆர்இ அக்கவுன்ட்ல எஃப்டி, நாலஞ்சு ஈக்விட்டி ஃபண்ட்ல மாசாமாசம் போடற எஸ்ஐபி, அவர் பேர்ல பழைய பிபிஎஃப் (அரசாங்க சேமிப்புத் திட்டம்), திருச்சியில ஒரு மனை. இங்க சம்பளத்துக்கு வரியே இல்லாததால இதையெல்லாம் யோசிக்க வேண்டியே வரல. இப்போ ஒருத்தர் ஃபண்டு எல்லாத்தையும் வித்துட்டுப் போங்கறார், எங்க அண்ணன் மார்க்கெட் ஏறுற வரைக்கும் கை வைக்காதேங்கறார். ரூபாய் வேற இறங்கிட்டே போகுது. யாராவது இதே ரூட்ல போயிருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

டெக்சாஸ்தமிழன்:
சிஸ்டர், அண்ணன் சொல்றது இந்தியாலயோ கல்ஃப்லயோ இருக்கிறவங்களுக்கு சரி, அமெரிக்கா போறவங்களுக்கு இல்ல. இந்திய மியூச்சுவல் ஃபண்டை அமெரிக்க வரி சட்டம் பிஎஃப்ஐசி-ன்னு (வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் மாதிரி) ஒரு வகையில போடுது, அதுல வர்ற லாபத்தை நீங்க வெச்சிருந்த வருஷங்களுக்குப் பிரிச்சு, இந்த வருஷப் பங்கு போக மத்த அமெரிக்க வருஷங்களுக்கு உச்சபட்ச ரேட்ல, அதாவது இப்போ 37%ல வரி போட்டு, லேட்டா கட்டின மாதிரி வட்டியும் சேர்ப்பாங்க. ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனியா ஃபார்ம் 8621-ன்னு ஒரு வரிப் படிவமும் போடணும். இந்தியால அதே லாபத்துக்கு நீண்டகால வரி 12.5%தான், அதுவும் வருஷத்துக்கு 1.25 லட்சத்துக்கு மேல போனாத்தான். அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே வித்துடுங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், யாரும் சொல்ல மாட்டாங்க. அடுத்த வருஷம் ஜூன்ல போறீங்கன்னு வெச்சுக்குவோம், அந்த வருஷ ரிட்டர்ன்ல புருஷன் பொண்டாட்டி சேர்ந்து ஃபைல் பண்றதுக்காக முழு வருஷமும் அமெரிக்க ரெசிடென்ட்னு தேர்ந்தெடுத்தா, பிப்ரவரியில ஷார்ஜால இருந்துட்டே வித்த லாபமும் அமெரிக்கக் கணக்குக்குள்ள வந்துடும். அதனால போற வருஷத்துக்கு முந்தின டிசம்பர் 31க்குள்ள வித்து முடிக்கிறதுதான் பாதுகாப்பு.

ஜெர்சிக்காரர்:
நான் கொஞ்சம் மாறுபடறேன். எல்லாத்தையும் விக்கணும்னு கட்டாயம் இல்ல. சேர்ந்து ஃபைல் பண்றவங்களுக்கு வருஷக் கடைசியில மொத்த பிஎஃப்ஐசி மதிப்பு 50,000 டாலருக்குள்ள இருந்து, அந்த வருஷம் எதையும் விக்காம, டிவிடெண்டும் பெருசா வராம இருந்தா பொதுவா 8621 போட வேண்டியதில்ல. நான் மார்க் டு மார்க்கெட் முறையை எடுத்து, விக்காமலே வருஷா வருஷம் ஏறின மதிப்புக்கு வரி கட்டிட்டு வர்றேன், சமாளிக்க முடியுது.

டெக்சாஸ்தமிழன்:
ஜெர்சி சார், ஃபார்ம் போட வேண்டாம்னா வரியே இல்லைன்னு அர்த்தம் இல்லையே, விக்கிற அன்னிக்கு அதே 37% கணக்குதான் வரும். மார்க் டு மார்க்கெட்ல கையில காசே வராத ஏத்தத்துக்கு சம்பள ரேட்ல வரி கட்டணும். 2024 செப்டம்பர்ல 26,000 தாண்டின நிஃப்டி பங்குக் குறியீடு 2025 மார்ச் ஆரம்பத்துல 22,000 பக்கம் வந்துச்சு, இப்படி ஏறி இறங்குற சந்தையில ஒரு வருஷம் கட்டிட்டு அடுத்த வருஷம் இறங்கினதைப் பார்த்துட்டு உக்காந்திருக்கணும். புதுசா போற குடும்பத்துக்கு அது எதுக்கு? எஸ்ஐபியும் ஓடாது, நிறைய ஃபண்ட் கம்பெனிங்க அமெரிக்கா, கனடா அட்ரஸ்னா புதுப் பணம் வாங்கறதே இல்ல.

மயிலாப்பூர் ஆடிட்டர்:
இந்தியா பக்கத்தை நான் சொல்றேன்மா. ஃபண்டை விக்கும்போது என்ஆர்ஐ-ங்கறதால ஃபண்ட் கம்பெனியே டிடிஎஸ்-னு வரியை முன்னாடியே பிடிச்சுடும். இந்தியா-யுஏஇ வரி ஒப்பந்தப்படி ஃபண்ட் யூனிட் லாபத்துக்கு இந்தியால வரி கிடையாதுன்னு சொல்ற வருமான வரி ட்ரிப்யூனல் தீர்ப்புகள் இருக்கு, அந்தச் சலுகையைக் கேக்கணும்னா அங்கேயே, வரி விஷயத்துல நீங்க யுஏஇவாசின்னு காட்டற டாக்ஸ் ரெசிடென்சி சர்டிஃபிகேட் வாங்கி வெச்சுக்கோங்க, அமெரிக்கா போனப்புறம் தேடி அலையாதீங்க. மனையை அவசரப்பட்டு விக்காதீங்க, அது பிஎஃப்ஐசி இல்ல, நேரடியா வாங்கின கம்பெனி ஷேரும் பொதுவா பிஎஃப்ஐசி ஆகாது.

ஷார்ஜாவாசி:
ரொம்ப நன்றி சார், நன்றி அண்ணா. அப்போ எஃப்டி, பிபிஎஃப்? அம்மாகூட சேர்த்து ஒரு ஜாயின்ட் அக்கவுன்டும் இருக்கு, அது அவங்க பென்ஷன் பணம்தான்.

டெக்சாஸ்தமிழன்:
என்ஆர்இ வட்டிக்கு இந்தியாலதான் வரி இல்ல, அமெரிக்கா வரி போடும், பிபிஎஃப் வட்டிக்கும் அப்படித்தான் எடுத்துக்கறது நல்லது. அம்மா அக்கவுன்டும் உங்க பேர் இருக்கறதால எஃப்பார் கணக்குல, அதாவது வெளிநாட்டு அக்கவுன்ட்களை அமெரிக்க அரசுக்குச் சொல்ற அறிக்கையில வரும், எல்லா வெளிநாட்டு அக்கவுன்டும் சேர்ந்து வருஷத்துல ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலே சொல்லியாகணும். முடிஞ்சா போறதுக்கு முன்னாடி உங்க பேரை எடுத்துட்டு அம்மாவுக்கு நாமினியா மாறிக்குங்க.

ரூபாயைப் பத்தி கேட்டீங்க. 2010ல டாலர் 45, 46 ரூபா, 2024 டிசம்பர்ல 85 தாண்டிடுச்சு. பசங்க காலேஜ் அமெரிக்காலதான்னா அந்தப் பணம் டாலர்லயே வளரட்டும், வித்த காசை மொத்தமா எஃப்டியில போட்டுடாதீங்க. 401கே-ங்கற ஓய்வுக்காலச் சேமிப்புல நீங்க போடறதுக்கு ஈடா கம்பெனி எவ்வளவு போட்டு மேட்ச் பண்றாங்கன்னு ஆஃபர் லெட்டர்ல பாருங்க, முதல் மாசத்துலேர்ந்தே அதை விடாம வாங்கிடுங்க. ஊருக்குத் திரும்பி வயசான காலத்துல இருக்கப் போற செலவுக்கு மட்டும் ரூபாய் போதும், அதுக்கு அந்த மனையும் பிபிஎஃப்பும் இருக்கட்டும்.

ஷார்ஜாவாசி:
புரிஞ்சுது அண்ணா. டிசம்பருக்குள்ள ஃபண்டை வித்துடறோம், சர்டிஃபிகேட்டுக்கு இந்த வாரமே அப்ளை பண்றோம். அண்ணன்கிட்ட இந்தப் பக்கத்தையே அனுப்பிட்டேன்.