புரோசெசிவிட்டிக்குத் தமிழில் ‘ஓரிருப்பு’

அன்புள்ள குழுவினருக்கு,

கன்றின் தைமசுச் சுரப்பியிலிருந்து டிஎன்ஏயைப் படியெடுக்கும் நொதியங்களான டிஎன்ஏ பொலிமரேசுகளைத் தூய்மையாக்கும் முறைபற்றி மாணவருக்குக் குறிப்பு எழுதுகிறேன். நொதியம், வீழ்படிவு, துணையலகு எல்லாம் கைவசம் இருக்கிற சொற்கள். புரோசெசிவிட்டி (processivity) என்பதற்குத் தமிழ் தேடும்போதுதான் பேனா நின்றுவிட்டது.

குழுவின் முன்னைய மடலில் இதற்குத் தமிழாக வந்த ‘தொடர்செயற்றிறன்’ எனக்கு ஒப்பவில்லை. மாணவர் அதை வேகம் என்றே எடுத்துக்கொள்வர். செக்கனுக்கு டிஎன்ஏயின் கட்டுமான அலகான நியூக்கிளியோதைட்டு எத்தனை சேர்கிறது என்பது வேறு. ஒருமுறை டிஎன்ஏயில் ஏறிய நொதியம் கழன்று விழுமுன் எத்தனையைச் சேர்க்கிறது என்பதே நமக்கு வேண்டியது.

சுரப்பியைக் குளிரில் அரைத்து, அமோனியம் சல்பேற்றால் வீழ்படிவாக்கி, புரதங்களைப் பிரிக்கும் பொஸ்போசெலுலோசு நிரலில் ஓடவிட்டால், மில்லிகிராம் புரதத்துக்கு நொதியச் செயற்பாடு இத்தனை அலகு என்ற கணக்கு படிப்படியாக ஏறும். ஆனால் தூய்மை கூடக்கூடத் துணைப்புரதங்கள் கழன்றுபோகும். 1976இல் முயலின் என்பு மச்சையில் கண்டறிந்த டெல்டா வகைப் பொலிமரேசை எடுங்கள். அதற்குத் துணையான புரதம் 1986இல் கன்றுக் கருவின் தைமசிலிருந்து பிரிக்கப்பட்டது. அது பிசிஎன்ஏ (PCNA) என்ற புரதம்தான் என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது. வளையமாக டிஎன்ஏயைச் சுற்றிக்கொண்டு நொதியத்தை விழவிடாது. அது இல்லாவிட்டால் டெல்டா கொஞ்சத்தைச் சேர்த்துவிட்டு விழுந்துவிடும். இருந்தால் நூற்றுக்கணக்கில் சேர்க்கும். இந்த வேறுபாட்டைச் சொல்ல ஒரு சொல் இல்லாமல் பாடமே நகராது.

‘பிடிநீளம்’ என்று முதலில் எழுதினேன். வன்னியில் அது மண்வெட்டிப் பிடியைத்தான் நினைவூட்டும். அடித்துவிட்டேன்.

அம்மா ஓலைப்பாய் இழைக்கும்போது, இழைத்த பகுதியின் மேலேயே இருந்து அரக்கி அரக்கிப் போவார். பக்கத்து வீட்டு மாமி வந்தால் கேட்பது, “ஒரே இருப்பில எத்தினை முழம் இழைச்சனீங்கள்?” கைவேகத்தை அல்ல, எழும்பாமல் இழைத்த நீளத்தைக் கேட்கிறார். டிஎன்ஏக்கும் இழை என்கிறோம். ஆகவே ‘ஓரிருப்பு’. “பிசிஎன்ஏ சேர்ந்தால் டெல்டாவின் ஓரிருப்பு நீளும்” என்று எழுதிப் பார்த்தேன், நன்றாக நிற்கிறது.

கிளிநொச்சியிலிருந்து

——

ஐயா, வணக்கம்.

சொல் பிடித்திருக்கிறது. ஒரு இடர்ப்பாடு: அளக்கும்போது, விழுந்த நொதியம் திரும்ப ஏறாமல் இருக்க அதைப் பிடித்துவைக்கும் எப்பரினோ (heparin) வேறு டிஎன்ஏயோ மிகுதியாகப் போடுவோம். அந்த ஏற்பாடு இல்லாமல் கிடைத்த நீளத்தையும் மாணவர் ஓரிருப்பு என்று எழுதிவிடுவர். எழும்பிப்போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து இழைத்ததும் அதில் சேர்ந்திருக்கும். ஆகவே வரைவிலக்கணத்திலேயே ‘மீளேற்றம் தடுத்த நிலையில்’ என்ற தொடர் வேண்டும்.

பெயரடைக்கு ‘நெட்டிருப்பு நொதியம்’, ‘குற்றிருப்பு நொதியம்’ என வைக்கலாமா? ‘ஓரிருப்பு நீண்ட நொதியம்’ என்பது அட்டவணைத் தலைப்பில் அடங்காது.

வவுனியாவிலிருந்து

——

தம்பி, மீளேற்றத் தொடரைச் சேர்த்துவிட்டேன். நெட்டிருப்பு இன்றே குறிப்பில் ஏறுகிறது. குற்றிருப்பை மட்டும் வகுப்பில் வாசித்துக் காட்டிவிட்டு எழுதுகிறேன். குற்றம் என்று காதில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.