தரையிறங்கி மீண்டும் ஏறும்போது இன்ஜின் தடுமாறுகிறது: கடைசிக் கட்டத்துக்குக் கிளம்பலாமா?

தெற்குக்காற்று:
வணக்கம். குளிர்காலத்தில் மலைநாட்டிலிருந்து கிளம்பி, வெப்பமான சமவெளிக்கு வந்துவிட்டேன். என்னுடையது டிரைக் (துணி இறக்கையும் மூன்று சக்கரமும் கொண்ட இலகு விமானம்), ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் இன்ஜின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் இரண்டு. மலையில் ஒரு தொந்தரவும் இல்லை. இங்கேயும் காலையின் முதல் ஏற்றம் சுத்தம். நண்பகலில் இறங்கி, அரை மணி நேரத்துக்குள் மீண்டும் ஏறினால்தான் வினை. சில நூறு அடி உயரத்தில் இருமத் தொடங்குகிறது. எரிபொருள் அழுத்தமானியின் முள் துள்ளி 0.15 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) கீழே போகிறது. சற்று நேரத்தில் தானாகவே நிமிர்ந்துவிடுகிறது. ஃபில்டர் சுத்தம், டேங்கின் காற்றுத் துளையில் அடைப்பில்லை. உடன் பறப்பவர் கார்புரேட்டரில் பனி பிடிக்கிறது என்கிறார். மிச்சம் ஒரே கட்டம், அதில் பெரும்பகுதி நீருக்கு மேலே. என்ன செய்யலாம்?

பழைய பட்டறை:
உங்கள் நண்பர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டருக்குள் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் இறங்கக்கூடும். ஈரக்காற்று இருந்தால் வெயில் நாளிலும் பனி பிடிக்கும். ஆனால் அது பெரும்பாலும் த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது வரும். அழுத்தமானியின் முள்ளையும் அது ஆட்டாது. உங்களுக்கு முழு விசையில் ஏறும்போது, அதுவும் சூடான இன்ஜினை நிறுத்தி எடுத்த பிறகு வருகிறது. குழாயில் பெட்ரோல் ஆவிக் குமிழாகி நிற்கிறது என்றே நினைக்கிறேன். இன்ஜினை நிறுத்தியதும் காற்றோட்டமும் நின்றுவிடும். இன்ஜின் மூடிக்குள் சூடு ஏறும். ஒரு கேள்வி: டேங்கில் இருக்கும் பெட்ரோல் எங்கே நிரப்பியது?

தெற்குக்காற்று:
பாதிக்கு மேல் மலையடிவாரத்தில் நிரப்பி, கேனில் கொண்டுவந்தது. எத்தனால் கலந்ததுதான்.

பழைய பட்டறை:
அப்படியானால் விடை கேனிலேயே இருக்கிறது. குளிர்நாட்டில் குளிர்காலத்தில் விற்கும் பெட்ரோலை, குளிரிலும் இன்ஜின் எளிதாகக் கிளம்ப வேண்டுமென்று சீக்கிரம் ஆவியாகும்படி தயாரிக்கிறார்கள். சிறிதளவு எத்தனால் அந்தக் குணத்தை இன்னும் கூட்டும். ஒரே ஊரில் சுற்றிப் பறப்பவருக்கு இது தெரியவே வராது. பருவத்தைத் தாண்டிப் பறப்பவரைத்தான் பிடிக்கும். அந்தப் பெட்ரோலை வடித்துவிட்டு, இங்கே விற்பதை நிரப்புங்கள். டேங்குக்குத் திரும்பும் குழாயையும் கழற்றிப் பாருங்கள். குமிழ்கள் வெளியேறும் வழி அதுதான்; அதிலுள்ள சிறு துளை அடைபட்டிருந்தால் எந்தப் பெட்ரோல் ஊற்றினாலும் இதே கதைதான்.

மேகலா:
நான் வெயில் நாட்டில் அவ்காஸ் என்ற விமானப் பெட்ரோலை ஊற்றிக்கொள்வேன். அது எளிதில் ஆவியாவதில்லை. ஆனால் ஈயம் கலந்தது. அதிலேயே தொடர்ந்து ஓட்டினால் எண்ணெயை 25 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஒரு கட்டத்துக்கு மட்டும் என்றால் கவலை வேண்டாம். இறங்கியவுடன் இன்ஜின் மூடியைத் திறந்து, டிரைக்கின் மூக்கைக் காற்றை நோக்கி நிறுத்துங்கள். பெட்ரோலைத் தள்ளும் துணை மின்பம்ப் இருந்தால் ஏறும்போது போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. 1998இல் பிரையன் மில்டன் பெகாசஸ் குவாண்டம் என்ற டிரைக்கில் உலகைச் சுற்றினார். அதிலும் 912 இன்ஜின்தான். இன்ஜினைக் குறை சொல்லாதீர்கள்.

தெற்குக்காற்று:
திரும்பும் குழாயின் துளையில் ரப்பர்த் துகள் ஒட்டியிருந்தது, எடுத்துவிட்டேன். பெட்ரோலையும் மாற்றினேன். உச்சிவெயிலில் தரையில் நிறுத்தி வைத்து, பிறகு முழு விசையில் ஓட்டிப் பார்த்தபோது முள் 0.3 பாரில் அசையாமல் நின்றது. நாளை கிளம்பலாமா?

பழைய பட்டறை:
தரையில் சரியாக இருப்பது போதாது. முதலில் ஓடுதளத்துக்கு மேலேயே வட்டமடித்து ஏறுங்கள், இறங்குங்கள், சூட்டோடு மறுபடி ஏறுங்கள். எல்லாம் நண்பகலில். முள் நிலையாக நின்றால், மறுநாள் விடியலில் நீரைக் கடக்கலாம். உயிர்காப்பு உடையைப் பையில் வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள்.