2^67 − 1: விரிதாளில் மீதி காண்பது எப்படி?

பள்ளிக் கணித மன்றத்துக்காக 147573952589676412927 என்ற எண்ணை எடுத்திருக்கிறேன். இது 2^67 − 1. மெர்சென் 1644-ல் இதைப் பகா எண் என்றார். 1876-ல் லூக்கா, ஒரு காரணியைக்கூடக் காட்டாமலே அது பகு எண் என்று நிறுவினார். 1903-ல் கோல் 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டினார். காரணி தெரியாமலே பகு எண் என்று சொன்ன அந்த அழகைத்தான் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

லூக்கா–லெமர் சோதனை எளிது: 4-ல் தொடங்கி, வர்க்கம் எடுத்து 2 கழித்து, நம் எண்ணால் வகுத்த மீதியை வைத்து 65 முறை. கடைசி மீதி 0 என்றால் பகா எண், இல்லையென்றால் பகு எண். 4, 14, 194, 37634, 1416317954 வரை சரி. அடுத்தது 2005956546822746114 வர வேண்டும். விரிதாள் 2005956546822750000 என்கிறது. 15 இலக்கத்துக்கு மேல் அதற்குத் தாங்காது.

கட்டத்தை உரை வடிவத்துக்கு மாற்றினால் கணக்கே நடக்கவில்லை. கைபேசிக் கால்குலேட்டரும் கடைசி இலக்கங்களை விழுங்கிவிடுகிறது. அப்புறம் ஏழு ஏழு இலக்கமாக வெட்டிப் பெருக்கினேன். பெருக்கல் துல்லியமாக வருகிறது, ஆனால் 40 இலக்கத்தை 21 இலக்கத்தால் வகுக்கும் இடத்தில் நின்றுவிட்டேன். கணினி அறையில் புது மென்பொருள் நிறுவ அனுமதி இல்லை. நிகழ்ச்சி அடுத்த மாதம்.

வகுத்தல் இல்லாமல், வெறும் விரிதாள் சூத்திரங்களாலேயே 2^67 − 1-க்கான மீதியைத் துல்லியமாக எடுக்க எண்ணை எப்படி வெட்ட வேண்டும்?