திரைப்பட உரிமையில் 'விண்டோ': சாளரமா, தவணையா, முறைக்காலமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு படம் முதலில் தியேட்டருக்கு, அப்புறம் ஓடிடிக்கு, அப்புறம் டிவிக்கு என்று வரிசையாகப் போகிறது. அந்தப் படத்தைக் காட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு காலம் ஒதுக்கியிருப்பார்கள். திரைப்பட வணிகத்தில் அதைத்தான் 'விண்டோ' என்கிறார்கள். இதற்குத் தமிழில் ஒரு நல்ல சொல் கட்டாயம் வேண்டும் என்று நினைப்பவன் நான். இதுபற்றி நண்பர்கள் கேட்டவற்றை எடுத்துப்போட்டுப் பதில் சொல்கிறேன்.

> கணினித் துறையில் 'சாளரம்' நிலைத்துவிட்டதே, இங்கும் அதையே வைக்கலாமே?

ஐயா, 'டிஸ்னி படங்களின் முதல் சந்தாச் சாளரத்தை நெட்ஃபிளிக்ஸ் வாங்கியது' என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன புரியும்? அங்கே கைமாறியது வரிசையில் ஓர் இடம்: தியேட்டருக்குப் பிறகு, சந்தா கட்டுவோருக்கு முதலில் காட்டும் இடம். அமெரிக்காவில் அந்த இடம் முன்பு ஸ்டார்ஸ் என்ற கட்டணச் சேனலிடம் இருந்தது. ஸ்டார்ஸ் வழியாகத்தான் நெட்ஃபிளிக்ஸும் டிஸ்னியின் புதுப்படங்களைக் காட்டிவந்தது. 2012 பிப்ரவரியோடு அந்த ஏற்பாடு முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் டிஸ்னியிடமே நேராகப் பேசி, 2016 முதல் வெளியாகும் படங்களுக்கு ஸ்டார்ஸின் இடத்தைப் பிடித்துவிட்டது. 2019 நவம்பரில் டிஸ்னி சொந்தமாக ஓடிடி தொடங்கியதும் அந்த இடத்தைத் தானே வைத்துக்கொண்டது. யார் முன்னே, யார் பின்னே என்பதுதான் இங்கே முழுச் சண்டையும். சாளரம் என்ற சொல்லில் அந்த வரிசை இல்லை.

பிரிட்டனில் இது பெரிய விசாரணையாகவே நடந்தது. ஆறு பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் படங்களுக்கும் முதல் சந்தா உரிமை ஸ்கை என்ற கட்டணத் தொலைக்காட்சி நிறுவனத்திடம் இருந்தது. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2010இல் இதைப் போட்டி ஆணையத்துக்கு அனுப்பியது. இது போட்டியைக் கெடுக்கிறது என்பதுதான் 2011இல் ஆணையம் சொன்ன இடைக்காலக் கருத்து. அதற்குள் சந்தாவுக்குப் படம் காட்டும் லவ்ஃபிலிம் நிறுவனம் வளர்ந்துவிட்டது, 2012 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸும் அங்கே வந்துவிட்டது. புதுப்படம் யாரிடம் முதலில் வருகிறது என்பதை மட்டும் பார்த்து மக்கள் சந்தா கட்டுவதில்லை, விலையையும் படங்களின் வகையையும் பார்க்கிறார்கள் என்று கண்டு, அந்த ஆகஸ்டில் வந்த இறுதி அறிக்கையில் ஆணையம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. இந்த அறிக்கையைத் தமிழில் சுருக்கி எழுத உட்கார்ந்தால், இரண்டாம் வரியிலேயே சாளரம் இடறும்.

> 'தவணை' எப்படி? கால அளவு அதிலேயே இருக்கிறதே.

புத்தூர் அண்ணன் சொல்வது சரிதான், காலம் இருக்கிறது. ஆனால் உரிமைத் தொகையும் தயாரிப்பாளர் கைக்குத் தவணை தவணையாகத்தான் வருகிறது. ஒப்பந்தத்தில் 'முதல் தவணை' என்று எழுதினால் அது பணமா, காலமா? இந்தக் குழப்பத்தை நாமே உண்டாக்க வேண்டாம்.

நான் முன்வைக்கும் சொல் முறைக்காலம். பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் இருக்கும் எங்களுக்கு 'முறை' அன்றாடச் சொல். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வரவேண்டும். அதை வாய்க்கால்களில் முறை வைத்துத்தான் விடுகிறார்கள். முறை வந்தவருக்கு உரிமை உண்டு, அதற்கு ஒரு முடிவும் உண்டு, அடுத்தவர் காத்திருக்க வேண்டும். திரைப்பட ஒப்பந்தத்தில் இருப்பதும் இந்த மூன்றும்தான்.

> 'சந்தா முறை' என்றால் சந்தா கட்டும் விதம் என்றல்லவா நினைப்பார்கள்?

நினைப்பார்கள். அதனால்தான் 'முறை' என்று தனியே விடாமல் எப்போதும் முழுச் சொல்லையே எழுத வேண்டும் என்கிறேன்: திரையரங்கு முறைக்காலம், முதல் சந்தா முறைக்காலம், இலவசத் தொலைக்காட்சி முறைக்காலம். நீளம்தான், ஆனால் தெளிவு.

இன்னொரு சிக்கல்தான் இதைவிட முக்கியம். நம் பத்திரிகைகள் இதையே 'இடைவெளி' என்றும் எழுதுகின்றன. கேரளத் தியேட்டர்காரர்கள் கேட்பது 42 நாள். அதற்குள் படங்கள் ஓடிடிக்குப் போவதை எதிர்த்துத்தான், வேறு சில குறைகளையும் சேர்த்து, 2024 பிப்ரவரியில் புதிய மலையாளப் படங்களைத் திரையிட மாட்டோம் என்று அவர்களுடைய சங்கமான ஃபியோக் அறிவித்தது. 2021இல் 'மாஸ்டர்' ஜனவரி 13ஆம் தேதி தியேட்டருக்கு வந்து 29ஆம் தேதியே பிரைமில் வந்தபோதும் இதே பேச்சுதான். இந்த 42 நாள் தியேட்டருக்கு முறைக்காலம், ஓடிடிக்குக் காத்திருப்புக் காலம். இரண்டையும் 'இடைவெளி' என்றே எழுதினால் யாருடைய உரிமை பறிபோகிறது என்பது மறைந்துபோகும். 42 நாளும் தன் முறைக்காலம் என்று தியேட்டர்காரர் சொல்லும்போதுதான் அவர் கேட்பது சலுகையா, உரிமையா என்று நாம் விவாதிக்கவே முடியும்.

சாட்டிலைட் உரிமையை 99 ஆண்டுக்கு எழுதி வாங்கினால் அதுவும் முறைக்காலமா என்று ஒரு தம்பி தனிமடலில் கேட்டிருந்தார். இல்லை தம்பி. அடுத்தவருக்கு முறையே வராத ஒப்பந்தம் அது. அதை 'நிரந்தர உரிமை' என்றே எழுதுவோம்.

தியேட்டரிலும் ஓடிடியிலும் ஒரே நாளில் வெளியிடுவதற்கு 'உடன்வெளியீடு' என்று குறித்து வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். 'காத்திருப்புக் காலம்' காப்பீட்டுக்காரர்களும் புழங்கும் சொல் என்பதால் அதைவிடச் சிறிய சொல் யாருக்காவது தோன்றினால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.