மழை பிடித்தால் பல்கலைக்கழக வானொலியின் வீச்சு பாதியாகிறது: எங்கே பார்ப்பது?

வெண்ணாற்றங்கரை:
டெல்டாவில், சுற்றிலும் நெல்வயல் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி. 50 வாட் டிரான்ஸ்மிட்டர், 30 மீட்டர் டவர், உச்சியில் இரண்டு அடுக்கு ஆன்டெனா, அரை அங்குல ஃபோம் கேபிள் 40 மீட்டர். கோடையில் 12 கி.மீ. வரை சுத்தமாகக் கேட்கிறது. ஐப்பசி அடைமழை பிடித்ததும் 6 கி.மீ. தாண்டினால் வெறும் இரைச்சல். ரிஃப்ளெக்டட் பவர் (ஆன்டெனா ஏற்காமல் கேபிள் வழியே திரும்பி வரும் பவர்) 1 வாட்டிலிருந்து 6 வாட்டுக்கு ஏறுகிறது, டிரான்ஸ்மிட்டர் தானாகவே 20 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு நாள் வெயில் அடித்தால் பழையபடி. பவரைக் கூட்டலாமா? இன்னொன்று: புயல் நேரத்தில் கரண்ட் போனால் பேட்டரியில் எவ்வளவு நேரம் ஓட்டலாம், அணைத் தண்ணீர் பற்றிய அறிவிப்பையெல்லாம் நாம் சொல்லலாமா?

டவர்க்காரர்:
பவரைக் கூட்டவே கூட்டாதீர்கள். நமக்கு விதி அனுமதிப்பது பொதுவாக 100 வாட் இ.ஆர்.பி. (ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து வெளியே போகும் பவர்), ஆன்டெனா உயரம் 30 மீட்டர். அதை விடுங்கள், உங்கள் எண்களே கதையைச் சொல்கின்றன. 50க்கு 1 வாட் திரும்பினால் எஸ்.டபிள்யூ.ஆர். (கேபிளும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு, 1 என்றால் கச்சிதம்) 1.3. 6 வாட் திரும்பினால் 2க்கு மேல். ஆனால் 50லிருந்து 20க்கு இறங்குவது 4 டெசிபல்தான் (பவர் பாதியானால் 3 டெசிபல் குறைவு என்பது கணக்கு). சமவெளியில் அதற்கு 12 கி.மீ. சுமார் 9 ஆகும், 6 ஆகாது. மீதி நஷ்டம் மேலே, ஈரத்தில் நடக்கிறது. திரும்பி வரும் பவரில் கொஞ்சத்தைக் கேபிளே விழுங்கிவிடுவதால் கீழே மீட்டரில் தெரிவது உண்மையைவிடக் குறைவு.

மழை பெய்து கொண்டிருக்கும் நாளில் முதல் சோதனை. டிரான்ஸ்மிட்டரை அணைத்து, கேபிளைக் கழற்றி, அதே இடத்தில் 50 ஓம், 100 வாட் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிச் சூடாக்கிவிடும் மின்தடை) மாட்டுங்கள். ரிஃப்ளெக்டட் பூஜ்யத்துக்குப் பக்கம் நின்றால் கருவியில் குறையில்லை. இரண்டாவது சோதனைக்கு மழை விட்டதும், காயும் முன்னே ஆள் ஏற வேண்டும். டம்மி லோடை கேபிளின் மேல்முனையில் மாட்டிவிட்டு இறங்கச் சொல்லுங்கள், அவர் இறங்கிய பிறகே டிரான்ஸ்மிட்டரைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் பூஜ்யம் என்றால் கேபிள் நல்லது, குறை ஆன்டெனாவிலோ, இரண்டு அடுக்குக்கும் பவர் பிரிக்கும் பெட்டியிலோ. ஆள் ஏறும்போது மெயின் பிளக்கைப் பிடுங்கி, அறைச் சாவியை அவர் சட்டைப் பையிலேயே கொடுத்தனுப்புங்கள். இடி இருந்தால் யாரும் ஏறக்கூடாது.

மேல் கனெக்டரைத் திறந்தால் பார்க்க வேண்டியது நடு ஊசி. செம்பில் பச்சைப் பூ பூத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பளபளப்பான செம்பு தெரியும் வரை கேபிளை அரை சாண் அரை சாணாக வெட்டிப் புது கனெக்டர் போடுங்கள். இரண்டடி வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் கேபிளை மாற்றுவதுதான் வழி. காசை மிச்சம் பிடிக்க ஆர்.ஜி. 213 என்ற மலிவான கேபிளை வாங்கிவிடாதீர்கள். அரை அங்குல ஃபோம் கேபிளில் 40 மீட்டருக்கு 1 டெசிபல் கூடப் போகாது, 50 வாட்டில் மேலே 40 சேரும். 213இல் பாதிதான் மிஞ்சும்.

கனெக்டரில் டேப் சுற்றும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, கீழிருந்து மேலாக, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றுங்கள். கூரை ஓடு மாதிரி மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூட வேண்டும். அதன்மேல் வெயில் தாங்கும் வினைல் டேப். காடி வாசனை அடிக்கும் சிலிக்கானைத் தொடாதீர்கள், அந்த அமிலம் செம்பைத் தின்னும். அறைக்குள் நுழையும் முன் கேபிள் ஒரு முறை கீழே வளைந்து மேலேறட்டும், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

கடைமடை:
பேட்டரி கேள்விக்கு. 50 வாட் வெளியே அனுப்ப டிரான்ஸ்மிட்டர் இழுப்பது 150 வாட், சின்ன மிக்சரும் லேப்டாப்பும் சேர்ந்து 50, ஆக 200 வாட் என்று வையுங்கள். 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு இருந்தால் 3,600 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு போய்விடும். இன்வெர்ட்டர் நஷ்டமும் கழித்தால் 1,500 மிஞ்சும், ஏழரை மணி நேரம். 25 வாட்டுக்கு இறக்கினால் இன்னும் நீளும், குறைவது 3 டெசிபல்தான். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஆகவே முழுநாளும் ஓட்டப் பார்க்காதீர்கள். காலை 6, மதியம் 1, மாலை 7 என்று நேரம் குறித்து அரை மணி நேரம் மட்டும் போடுங்கள். அந்த நேரத்தைப் புயலுக்கு முன்பே ஊருக்கெல்லாம் சொல்லி வையுங்கள், கேட்பவரின் ரேடியோ பேட்டரியும் மிச்சமாகும். பேட்டரி தரையில் வேண்டாம், மூன்றடி உயரப் பலகையில்.

அறிவிப்பு பற்றி: சொந்தச் செய்தி கூடாது, ஆகாஷ்வாணி செய்தியை மாற்றாமல் அப்படியே போடலாம். ஆனால் வானிலை, மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம் பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்புகள் செய்திக் கணக்கில் வராது, தாராளமாகச் சொல்லலாம். வந்த தாளையும் ஒலிபரப்பின் பதிவையும் மூன்று மாதம் பத்திரப்படுத்துங்கள்.

சொல்லும் விதம் ரொம்ப முக்கியம். கன அடி எண்ணை மட்டும் வாசித்தால் வயலில் நிற்பவருக்கு அது எதற்கு? மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகிறது. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. எந்த ஆற்றில், எந்த வாய்க்கால் தலைப்பில், என்றைக்கு, எந்தக் கரையோர ஊர் கவனமாக இருக்க வேண்டும் என்று நீர்வளத்துறை ஆட்களிடம் கேட்டு வாங்கி, அதே வரிசையில் இரண்டு தடவை நிதானமாகச் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
இருவருக்கும் நன்றி சார். கேபிள் முனையில் பூஜ்யம்தான். பவர் பிரிக்கும் பெட்டியைத் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறார்கள், வடிகால் துளை மேல்பக்கம் பார்த்து இருக்கிறது. திறந்ததும் அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. உள்ளே இரண்டு மூட்டுகளில் பச்சை. சுத்தம் செய்து திருப்பி மாட்டியாகிவிட்டது. இப்போது தூறலில் 1.2 வாட்தான் காட்டுகிறது. அடுத்த அடைமழையில் பார்த்துச் சொல்கிறேன். மூட்டுகளைப் புதிதாக ஈயம் பற்றவைக்க வேண்டுமா, துலக்கியதே போதுமா?

டவர்க்காரர்:
புதிதாகவே பற்றவையுங்கள். பழைய ஈயத்தை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு.